கறவை மாடுகளில் இரத்தக் கொலஸ்ட்ராலை அளத்தலும் பொருள்கொள்ளலும்: விராலிமலை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கறவை மாட்டின் இரத்தக் கொலஸ்ட்ரால் அளவு, அதன் தீவன உட்கொள்ளல், கல்லீரல் நலம், கன்று ஈன்றபின் உடல் தேறும் வேகம் ஆகியவற்றை உணர்த்தும் ஒரு குறியீடாகும். மனித மருத்துவத்தில் இவ்வளவு மிகுவதே கவலைக்குரியது. கறவை மாட்டிலோ உயர வேண்டிய காலத்தில் உயராதிருப்பதே கவலைக்குரியது. மனித ஆய்வகங்களில் வழங்கும் நொதிமுறை மாட்டின் சீரத்திற்கும் பொருந்தும். ஆனால் அவ்வாய்வகங்கள் அச்சிடும் இயல்பு எல்லைகள் பொருந்தா. இவ்வேறுபாட்டை விளக்கி, மாதிரி எடுத்தல், அளத்தல், பொருள்கொள்ளல் ஆகிய மூன்று படிநிலைகளையும் புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டாரத்தின் சிறு கால்நடை வளர்ப்போர் சூழலில் பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச் சொற்கள்: கறவை மாடு, கொலஸ்ட்ரால், சீரம், நொதிமுறை, கல்லீரல் கொழுப்பேற்றம், ஈற்றுக்காலம், விராலிமலை.

முன்னுரை

திருச்சிராப்பள்ளி – மதுரை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள விராலிமலை, முருகன் கோயிலாலும் மயில்களாலும் அறியப்பட்ட ஊர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் பெரிதும் மானாவாரி வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் சார்ந்தவை. இத்தகைய வறண்ட நிலப்பகுதிகளில் கறவை மாடு பெரும்பாலும் பெரும் பண்ணையில் வளர்வதில்லை. வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவிலேயே வளர்கிறது. ஆகவே ஒரு மாடு கன்று ஈன்றபின் தீவனம் எடுக்காமல் மெலிந்து, பால் குறைந்து, மறுசினைக்கு வராமல் நின்றுவிட்டால், அந்த ஆண்டின் பால் வருமானம் முழுவதும் அக்குடும்பத்திற்கு இழப்பாகிறது.

இவ்விழப்பை முன்கூட்டியே உணர உதவும் இரத்தப் பரிசோதனைகளுள் கொலஸ்ட்ரால் அளவீடு எளியது, செலவு குறைந்தது. அதற்குத் தேவையான வினைப்பொருளும் ஒளிமானியும் சிறு நகரங்களின் மனித ஆய்வகங்களில்கூட உள்ளன. சிக்கல் அளப்பதில் இல்லை. கிடைத்த எண்ணைப் படிப்பதிலேயே உள்ளது. மனிதருக்குரிய அறிக்கைப் படிவத்தில் 200 மில்லிகிராம்/டெசிலிட்டருக்குக் கீழான மதிப்பு ‘விரும்பத்தக்கது’ என்றும், 200 முதல் 239 வரை ‘எல்லைக்கோட்டு உயர்வு’ என்றும் குறிக்கப்படும். இப்படிவத்தில் ஒரு கறவை மாட்டின் மதிப்பை இட்டால், நன்கு தின்று நன்கு கறக்கும் மாடு நோயுற்றதாகவும், கல்லீரல் நலிந்த மாடு நலமுற்றதாகவும் தோற்றமளிக்கும் வாய்ப்புண்டு.

மாட்டின் உடலில் கொலஸ்ட்ரால்

கொலஸ்ட்ரால் 27 கார்பன், 46 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் அணுக்களால் ஆன ஒரு ஸ்டீரால் சேர்மம். உயிரணுச் சவ்வுகளின் கட்டமைப்புக்கும், பித்த அமிலங்களின் ஆக்கத்திற்கும், புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசோல் முதலிய இயக்குநீர்களின் தொகுப்புக்கும் இதுவே மூலப்பொருள். வைக்கோலிலும் பசுந்தீவனத்திலும் புண்ணாக்கிலும் கொலஸ்ட்ரால் இல்லை எனும் அளவிற்குக் குறைவு. எனவே மாடு தனக்குத் தேவையானதைக் கல்லீரல், குடல் முதலிய உறுப்புகளில் தானே உருவாக்கிக்கொள்கிறது. அசையூண் வயிற்றில் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்வதால் கிடைக்கும் அசிட்டேட் இதற்கு முதன்மையான கச்சாப்பொருள். மாடு மிகுதியாக உண்ணும்போது கொலஸ்ட்ரால் உயர்வதற்கும், உண்ணாதபோது தாழ்வதற்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

நீரில் கரையாத இச்சேர்மம் இரத்தத்தில் கொழுப்புப்புரதத் துகள்களில் ஏறியே பயணிக்கிறது. மனித இரத்தத்தில் இதன் பெரும்பகுதியை அடர்குறை கொழுப்புப்புரதம் சுமக்கிறது. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என மக்கள் வழக்கில் சுட்டப்படுவது இதுவே. மாட்டிலோ மிகப் பெரும்பகுதியைச் சுமப்பது அடர்மிகு கொழுப்புப்புரதம். மனிதரின் இதயத் தமனி அடைப்பைப் போன்ற நோய் கறவை மாட்டு மருத்துவத்தில் பொருட்படுத்தத்தக்க இடம் பெறவில்லை. ஆதலால் ‘நல்லது’, ‘கெட்டது’ என்ற பாகுபாட்டை மாட்டுக்குக் கொண்டுசெல்வதில் பயனில்லை.

இவ்விரு உடல்களின் வேறுபாட்டை நாட்டு மருத்துவம் அறிந்த ஒரு பொருளைக் கொண்டும் விளக்கலாம். மனிதரின் பித்தப்பைக் கற்களில் கொலஸ்ட்ரால் கற்களே மிகுதி. மாட்டின் பித்தப்பையில் கிடைக்கும் கல்லாகிய கோரோசனையோ பெரிதும் பிலிருபின் என்னும் பித்த நிறமியால் ஆனது.

ஈற்றுக்காலமும் அளவின் ஏற்ற இறக்கமும்

பால்மாட்டின் கொலஸ்ட்ரால் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. சினையின் இறுதி வாரங்களில் அது தாழத் தொடங்கி, கன்று ஈனும் நாளை ஒட்டி மிகக் குறைந்த நிலையை அடைகிறது. ஈன்ற இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பின் சீராக உயர்ந்து, கறவையின் நடுப்பகுதியில் உச்சத்தைத் தொடுகிறது. பால் வற்றும் காலத்தில் மீண்டும் இறங்குகிறது. கால்நடை உயிர்வேதியியல் நூல்களில் மாட்டுக்கு 80 – 120 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்ற பொது எல்லை தரப்படுவதுண்டு. எனினும் மிகுதியாகக் கறக்கும் மாடுகள் கறவையின் நடுவில் 200-ஐக் கடப்பது அரிதன்று. அது நோயின் அடையாளமும் அன்று.

ஈற்றுக்காலத் தாழ்வுக்குக் காரணங்கள் பல. கருவின் வளர்ச்சியும் இயக்குநீர் மாற்றங்களும் அவற்றுள் அடங்கும். சீம்பால் சுரக்கும் மடி இரத்தத்திலிருந்து கொழுப்புப்புரதங்களை உறிஞ்சிக்கொள்கிறது. அதே நாட்களில் மாட்டின் தீவன உட்கொள்ளலும் குறைகிறது. கறக்கும் பாலுக்கு வேண்டிய ஆற்றலைத் தீவனத்திலிருந்து பெற இயலாத மாடு, தன் உடற்கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகிறது. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் கல்லீரல், ஒரு பகுதியை எரிக்கிறது. ஒரு பகுதியைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. எஞ்சியதை முக்கிளிசரைடாகச் சேர்க்கிறது.

சேர்ந்த முக்கிளிசரைடை வெளியேற்றும் ஊர்தி மிகக்குறை அடர்வுக் கொழுப்புப்புரதம் எனப்படும் துகள். அசைபோடும் விலங்குகளின் கல்லீரலில் இத்துகளை உருவாக்கி அனுப்பும் திறன் இயல்பிலேயே குறைவு. வரவு மிகுந்து செலவு குறைவதால் கொழுப்பு கல்லீரலிலேயே தங்குகிறது. இதுவே கல்லீரல் கொழுப்பேற்றம். ஊர்தி குறையும்போது அதில் ஏறி வரவேண்டிய கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் குறைகிறது. ஆகவே ஈன்றபின் நீடிக்கும் தாழ்ந்த கொலஸ்ட்ரால், போதிய தீவனம் இன்மையையும் கல்லீரலின் தேக்கத்தையும் ஒருசேரச் சுட்டுகிறது.

மறுசினைப்புக்கும் இதற்கும் தொடர்புண்டு. சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் மஞ்சள் உடலம், அதற்கான கொலஸ்ட்ராலை இரத்தக் கொழுப்புப்புரதங்களிலிருந்தே பெரிதும் பெறுகிறது. ஆயினும் தாழ்ந்த கொலஸ்ட்ராலே மலட்டுத்தன்மைக்குத் தனிக்காரணம் எனக் கொள்ளுதல் கூடாது. ஆற்றல் பற்றாக்குறை என்னும் ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைக்கின்றன.

மாதிரி எடுத்தல்

கழுத்துச் சிரையிலிருந்தோ வாலின் அடிப்பகுதிச் சிரையிலிருந்தோ கால்நடை மருத்துவர் 5 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தம் எடுப்பது வழக்கம். வயிற்றடியில் புடைத்துத் தெரியும் பால் நரம்பு எளிதில் எட்டுவதாயினும் அதனைத் தவிர்க்க வேண்டும். அது மடியைக் கடந்து வரும் இரத்தம். உடன் ஆராயப்படும் குளுக்கோஸ், கீட்டோன் போன்றவற்றின் அளவுகள் அங்கு மாறுபடும். குருதிக்கசிவும் தொற்றும் நேர இடமுண்டு.

உறைவெதிர்ப்பொருள் சேராத குழாயில் எடுத்த இரத்தத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசைக்காமல் உறையவிட்டு, மையவிலக்கியில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்தல் வேண்டும். மாட்டின் இரத்தம் மனித இரத்தத்தைவிடத் தாமதமாகச் சுருங்கிச் சீரம் விடுவதால் இங்கு அவசரம் கூடாது. ஈ.டி.டி.ஏ. சேர்த்த பிளாஸ்மாவில் அளந்தால் மதிப்பு சீரத்தைவிடச் சில விழுக்காடு குறைவாகக் கிடைக்கும். எனவே ஒரே ஆய்வில் இரண்டையும் கலத்தலாகாது.

விராலிமலையின் கோடை வெப்பத்தில் பயணநேரம் முதன்மையான இடர். வெயிலில் நின்ற வண்டிப்பெட்டியில் இரத்தக்குழாய் சூடேறினால் சிவப்பணுக்கள் சிதைந்து சீரம் செந்நிறமாகும். அந்நிறம் ஒளிமானியின் அளவைப் பிறழச் செய்யும். பனிக்கட்டியின்மேல் குழாயை நேரடியாக வைத்தாலும் அணுக்கள் உறைந்து சிதையும். குழாயைத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தல், இயன்றவரை ஊரிலேயே சீரத்தைப் பிரித்துவிடுதல் ஆகிய இரண்டும் இதற்குத் தீர்வாகும். பிரித்த சீரத்தில் கொலஸ்ட்ரால் குளிர்பதனப் பெட்டியில் சில நாட்கள் மாறாதிருக்கும்.

குழாயின்மேல் மாட்டின் அடையாள எண்ணுடன் கன்று ஈன்ற நாளும் (அல்லது எதிர்பார்க்கும் நாளும்) எழுதப்பட வேண்டும். அந்நாள் இல்லாத மாதிரியின் முடிவைப் பொருள்கொள்ள இயலாது.

அளக்கும் முறை

கொலஸ்ட்ராலை நிறமாற்றத்தால் அறியும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. அசிட்டிக் நீரிலியும் கந்தக அமிலமும் சேர்ந்து பசுமை நிறம் தரும் லீபர்மன் – புர்ச்சார்டு வினை நெடுங்காலம் பயன்பட்டது. அரிக்கும் அமிலங்களைக் கையாள வேண்டியிருந்ததால் அது சிற்றாய்வகங்களுக்கு ஏற்றதன்று. 1974இல் வெளிவந்த முழுமையான நொதிமுறை இந்நிலையை மாற்றியது. இன்று சந்தையில் கிடைக்கும் வினைப்பொருள்கள் பெரும்பாலும் அதனையே அடிப்படையாகக் கொண்டவை.

இம்முறை மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவதாக, சீரத்தில் கொழுப்பு அமிலத்துடன் பிணைந்துள்ள கொலஸ்ட்ராலைக் கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ் நொதி விடுவிக்கிறது. இரண்டாவதாக, விடுபட்ட கொலஸ்ட்ராலைக் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் நொதி ஆக்சிஜனேற்றம் செய்ய, ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மூன்றாவதாக, அப்பெராக்சைடு பெராக்சிடேஸ் நொதியின் துணையால் பீனாலையும் 4-அமினோ ஆன்டிபைரினையும் இணைத்துச் செந்நிறச் சாயத்தைத் தருகிறது. 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இச்சாயம் உறிஞ்சும் ஒளியின் அளவு, கொலஸ்ட்ராலின் செறிவுக்கு நேர்விகிதமாக அமையும்.

நடைமுறையில் 10 மைக்ரோலிட்டர் சீரத்தை 1 மில்லிலிட்டர் வினைப்பொருளுடன் கலந்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தயாரிப்பாளர் குறித்த நேரம் வைத்து அளப்பர். உடன் 200 மில்லிகிராம்/டெசிலிட்டர் செறிவுள்ள நியமக் கரைசலையும், சீரம் சேராத வெற்றுக் கரைசலையும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வெற்றுக் கரைசலின் அளவைக் கழித்தபின் நியமத்தின் ஒளி உறிஞ்சல் 0.320, சீரத்தினது 0.136 எனக் கொள்வோம். 0.136-ஐ 0.320-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்க, 85 மில்லிகிராம்/டெசிலிட்டர் கிடைக்கும். இதனை 38.67-ஆல் வகுத்தால் 2.2 மில்லிமோல்/லிட்டர் ஆகும். வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட இரண்டாம் அலகு தேவைப்படும்.

மனித ஆய்வகங்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் அளவீட்டில் 3 விழுக்காட்டிற்கு மேற்படாத பிழை என்பது பரிந்துரைக்கப்பட்ட இலக்கு. மாட்டின் மாதிரிகளை அளக்கும்போதும் கட்டுப்பாட்டுச் சீரம் வைத்து இவ்வொழுங்கைப் பேணலாம். சிதைந்த சிவப்பணுக்கள், மிகுந்த பிலிருபின் ஆகியவை இம்முறையில் குறுக்கிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. மனித ஆய்வகங்கள் அடர்குறை கொழுப்புப்புரதக் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் 1972இல் வெளியான ஃபிரீடுவால்டு சூத்திரத்தால் கணக்கிடுகின்றன. மாட்டின் இரத்தத்தில் முக்கிளிசரைடு மிகக் குறைவு. கொழுப்புப்புரதங்களின் அடர்வு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆதலால் அச்சூத்திரம் தரும் எண் மாட்டுக்குப் பொருளற்றது. மொத்தக் கொலஸ்ட்ராலே போதுமானது. இரண்டாவது, விரல்நுனிக் குருதியில் அளக்கும் கையடக்கக் கருவிகள் மனிதச் சிவப்பணுக்களின் விகிதத்தைக் கருதி அமைக்கப்பட்டவை. ஆய்வக முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் அவற்றை மாட்டுக்குப் பயன்படுத்துதல் தவறு.

எண்ணைப் பொருள்கொள்ளல்

மேற்கண்ட கணக்கில் கிடைத்த 85 என்ற ஒரே மதிப்பை மூன்று மாடுகளுக்கு வைத்துப் பார்க்கலாம். கன்று ஈனப் பத்து நாட்கள் உள்ள மாட்டில் இது எதிர்பார்க்கத்தக்கது. ஈன்று ஐந்து நாட்களான மாட்டிலும் இது தனித்து அச்சம் தருவதன்று; ஆயினும் இரு வாரம் கழித்து மீண்டும் அளந்து, ஏறுகிறதா எனக் காண வேண்டும். ஈன்று 60 நாட்களாகியும் இம்மதிப்பிலேயே நிற்கும் மாடு கவனத்திற்குரியது. அது போதிய அளவு உண்ணவில்லை, அல்லது அதன் கல்லீரல் தேறவில்லை, அல்லது குடற்புழு, தட்டைப்புழு போன்ற நாட்பட்ட நோய் அதனை வாட்டுகிறது எனக் கருத இடமுண்டு. மனித ஆய்வகப் படிவம் இம்மூன்று மாடுகளையும் ‘விரும்பத்தக்கது’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிடும். மாறாக, ஈன்று 90 நாட்களில் நிறைய கறந்துகொண்டு 210 காட்டும் மாட்டை அது எச்சரிக்கைக் குறியிட்டுத் தனிப்படுத்தும்.

கொலஸ்ட்ராலை மட்டும் கொண்டு நோயைத் துணிதல் கூடாது. இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் 1.2 மில்லிமோல்/லிட்டர் அல்லது அதற்கு மேலிருப்பது வெளித்தெரியாக் கீட்டோன் மிகைநிலையின் எல்லையாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. அவ்வளவு உயர்ந்தும் கொலஸ்ட்ரால் தாழ்ந்தும் இருப்பின் ஆற்றல் பற்றாக்குறை உறுதிப்படும். கீட்டோன் இயல்பாயிருந்து கொலஸ்ட்ரால் மட்டும் தாழ்ந்திருப்பின் புழுத்தாக்கம், நாட்பட்ட கழிச்சல், கல்லீரல் நோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். கண்மாய்க் கரையில் மேயும் மாடுகளில் நத்தைகளின் வழியே பரவும் தட்டைப்புழுக்களை இங்கு மறத்தலாகாது.

தீவனமும் எண்ணை மாற்றும். பருத்திக்கொட்டை, காக்கப்பட்ட கொழுப்பு ஆகியவற்றை மிகுதியாகத் தரும்போது இரத்தக் கொலஸ்ட்ரால் உயர்கிறது. இவ்வுயர்வைக் கண்டு கல்லீரல் தேறியது என முடிவுசெய்வது பிழையாகலாம். எனவே மாட்டுக்கு என்ன தீவனம், எவ்வளவு தரப்படுகிறது என்ற குறிப்பும் மாதிரியுடன் செல்ல வேண்டும்.

ஹோல்ஸ்டீன் கலப்பினக் கன்றுகளைப் பொறுத்துத் தனியே ஒன்றைக் கூற வேண்டும். அவ்வினத்தில் ‘கொலஸ்ட்ரால் குறைபாடு’ எனும் மரபுநோய் 2015இல் அறியப்பட்டது. 1991இல் பிறந்த மாகுலின் ஸ்டார்ம் என்ற கனடிய ஹோல்ஸ்டீன் காளையின் வழியில் இது பரவியது. அப்போலிப்போபுரதம் பி மரபணுவில் நேர்ந்த செருகலே இதன் காரணம். இரு பெற்றோரிடமிருந்தும் இதனைப் பெற்ற கன்று தீராத கழிச்சலாலும் வளர்ச்சிக் குன்றலாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறக்கிறது. சுமப்பியாக உள்ள மாடுகளின் கொலஸ்ட்ரால் சராசரியில் குறைவாயினும், இரத்தப் பரிசோதனையால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. மரபணுச் சோதனையே வேண்டும். தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பையும் மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பையும் பரிந்துரைப்பது. நடைமுறையில் சமவெளியிலும் ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் காணப்படுவதால், கருவூட்டல் காளையின் சான்றில் இக்குறிப்பைப் பார்த்தல் நன்று.

இரத்தத்தில் 210 உள்ள மாட்டின் பால் மிகுகொழுப்புப் பாலாகுமோ என்ற ஐயமும் எழலாம். பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 – 14 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உள்ளது. அது பாலின் கொழுப்புத் துளிகளைச் சார்ந்தே அமைகிறது. இரத்த அளவைக் கண்டு பாலை ஐயுற வேண்டியதில்லை.

விராலிமலைக்கு ஏற்ற ஒரு நடைமுறை

மந்தையின் நலத்தை இரத்தத்தால் அளக்கும் எண்ணம் 1970இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் ஒரு முறையாக உருப்பெற்றது. வற்றிய மாடுகள், இடைநிலைக் கறவை மாடுகள், மிகுகறவை மாடுகள் ஆகிய மூன்று குழுக்களிலும் குழுவுக்கு ஏழு மாடுகளின் இரத்தத்தை ஆராய்வது அதன் அடிப்படை. தனி மாட்டின் ஏற்றத்தாழ்வு குழுவின் சராசரியில் அடங்கிவிடும். குழு முழுவதும் தாழ்ந்திருந்தால் பிழை மாட்டில் இல்லை, தீவனத்தில் உள்ளது என விளங்கும்.

வீட்டுக்கு ஓரிரு மாடுகள் உள்ள ஊரில் மந்தை எங்கே என்ற வினா எழும். ஒரே கண்மாயை, ஒரே மேய்ச்சல் நிலத்தை, ஒரே வைக்கோலை நம்பியுள்ள ஊரின் மாடுகள் அனைத்தையும் ஒரு மந்தையாகக் கொள்வதே விடை. ஊரின் பால் உற்பத்தியாளர் சங்கம் அம்மந்தையின் இயல்பான அலகு. சங்கத்திடம் உறுப்பினர் பட்டியலும் பால் அளவும் கொழுப்புச் சதவீதமும் ஏற்கெனவே பதிவில் உள்ளன. கன்று ஈன்ற நாளையும் சேர்த்தால் போதும். ஆண்டுக்கு இருமுறை, அதாவது பசுந்தீவனம் அற்றுப்போகும் கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரும், மேற்கண்ட மூன்று குழுக்களில் மாதிரி எடுத்தால் ஊரின் தீவன நிலை எண்களில் தெரியவரும். மாவட்டங்களில் இயங்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் புதுக்கோட்டைப் பயிற்சி ஆராய்ச்சி மையமும் இத்தகைய பணிக்குத் துணையாகக் கூடியவை.

இன்று நூல்களிலுள்ள எல்லைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு மிகுகறவை மாடுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஜெர்சிக் கலப்பினத்திற்கும் நாட்டு மாட்டுக்கும் இவ்வட்டாரத்திற்குரிய எல்லைகளை வகுக்க வேண்டும். ஓர் எல்லையை வகுக்க நலமான 120 விலங்குகளேனும் தேவை என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். சங்கங்கள் ஒன்றிணைந்தால் இவ்வெண்ணிக்கை எட்டக்கூடியதே. ஈற்றுநிலைவாரியாகப் பிரித்து இவற்றைத் தொகுப்பது கால்நடை மருத்துவ மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு ஏற்ற பணியாகும்.

தாழ்ந்த மதிப்பு கண்டால் செய்ய வேண்டியவை எளியவை. சினையின் இறுதியில் மாட்டை மெலியவோ மிகக் கொழுக்கவோ விடலாகாது; ஐந்து புள்ளி உடல்நிலை அளவுகோலில் 3 முதல் 3.5 வரை இருத்தல் ஏற்றது. ஈன்றபின் அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும்; ஒரே நாளில் மிகுத்தால் வயிற்றில் அமிலம் பெருகும். வைக்கோலை மட்டும் நம்பாமல் கடலைக்கொடி, வேலிமசால், அகத்தி, கம்பு நேப்பியர் வீரிய ஒட்டுப்புல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். குடற்புழு நீக்கமும் பிற மருந்துகளும் மருத்துவர் ஆய்ந்து தரவேண்டியவை.

முடிவுரை

கறவை மாட்டின் இரத்தக் கொலஸ்ட்ராலை அளக்கும் வசதி விராலிமலை போன்ற ஊர்களுக்கு எட்டாத ஒன்றன்று. மனித ஆய்வகத்தின் கருவியும் வினைப்பொருளும் அதற்குப் பயன்படும்; மனிதருக்குரிய எல்லைகளும் ‘நல்லது – கெட்டது’ பாகுபாடும் பயன்படா. கன்று ஈன்ற நாள், தீவனம், கீட்டோன் அளவு ஆகிய மூன்றோடு சேர்த்துப் படிக்கும்போதே கொலஸ்ட்ரால் மதிப்பு பொருள் தருகிறது. ஈன்ற மூன்றாம் வாரத்திற்குப் பின்னும் ஏறாத மதிப்பைக் கண்டறிந்து உடனே தீவனத்தைச் சீர்செய்தால், அம்மாட்டின் கறவையையும் அடுத்த சினையையும் காக்க இன்னும் காலம் இருக்கும். முடிவு அறிக்கையில் கன்று ஈன்ற நாளுக்கென ஒரு கட்டத்தைச் சேர்ப்பது, இவ்வாய்வகங்கள் உடனே செய்யத்தக்க முதல் சீர்திருத்தமாகும்.